என்னிடம் மட்டும் கேட்ட ஜப்பான்காரர்

அந்தத் துண்டு என்னுடையதுதான் தம்பி, கீழே தள்ளிவிடாதீர்கள். ஜன்னல் வழியாக நான்தான் போட்டேன். உங்களுக்குப் பக்கத்து இடம்தான் வேண்டும் என்று குறிபார்த்துப் போட்டேன், தப்பவில்லை பாருங்கள். எழுபத்து நாலு வயதில் இந்தக் குறி யாருக்கு வாய்க்கும்? கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள். பையைக் காலடியில் வைக்காதீர்கள், மடியிலேயே இருக்கட்டும். கேமராப் பைதானே? பட்டை வெளியே தொங்குகிறதே, ஆரஞ்சு ஓரம் வைத்த நீலப் பட்டை. பார்த்தேன். அதைப் பற்றி இப்போது ஒன்றும் கேட்கமாட்டேன். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பேன், நீங்கள் ஒரே ஒரு பதில் சொன்னால் போதும். தென்காசி வரைக்கும்தானே? ஆலங்குளம் வருவதற்குள் முடித்துவிடுவேன்.

என் பெயர் ஆவுடையப்பன். திருநெல்வேலி ஜங்ஷனில் கேமராக் கடை. தெற்கே நாகர்கோவில் முதல் வடக்கே சாத்தூர் வரைக்கும் ஸ்டூடியோ வைத்திருக்கிற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். புதுக் கேமரா ஒன்று வந்தால் அவர்கள் விளம்பரத்தைப் பார்க்கமாட்டார்கள். நேரே என் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, இது ஓடுமா?" என்பார்கள். நான் கேமராவை வாங்கிக் கண்ணில் வைக்கமாட்டேன். காதில் வைப்பேன். ஒரு தட்டு. ஷட்டர் சத்தம். ஓடும். அல்லது, ஓடாது. அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

கல்லிடைக்குறிச்சிக்காரர் ஒருவர் டெலிபோனிலேயே ஷட்டர் சத்தத்தைக் கேட்க வைத்தார். "ஆடி பிறந்தால் இது படுத்துவிடும்" என்றேன். ஆடி ஒன்றாம் தேதி காலையில் படுத்துவிட்டது. படுத்தது கேமரா இல்லை, அந்த மனுஷன்தான் என்று சிலர் சொல்வார்கள். இரண்டும்தான் படுத்தது. டிஜிட்டல் வந்தபோது ஓடாது என்று சொன்னேன். அது ஓடிவிட்டது. அது வேறு விஷயம். ஓடக்கூடாத வழியில் ஓடியது.

எதற்குச் சொல்கிறேன் என்றால், என் சொத்து அந்தக் கடை இல்லை. அந்த ஒரு வார்த்தைதான். ஓடும், ஓடாது. அதைத்தான் என்னிடமிருந்து பறித்துவிட்டார்கள். யார் என்கிறீர்களா? வெளியாள் இல்லை. எதிர்க் கடைக்காரன், ஞானதுரை. ஸ்டூடியோ வைத்திருக்கிறான், எங்கள் பக்கத்து ஸ்டூடியோக்காரர் சங்கத்துக்குத் தலைவரும் அவன்தான். முப்பத்தைந்து வருஷமாகக் காலை டீ அவனோடுதான். கிறிஸ்துமஸ் கேக்கில் முதல் துண்டு என் வீட்டுக்கு வரும், அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கே அதற்கு அப்புறம்தான். அப்பேர்ப்பட்டவன்.

முதலில் ஜப்பான்காரரைச் சொல்ல வேண்டும்.

போன வைகாசியில் ஒரு மத்தியானம். வெயிலில் வெந்து சிவந்துபோய் ஒருவர் கடைக்குள் வந்தார். முதுகில் பை, கழுத்தில் ஹோஷிமா கம்பெனிக் கேமரா. பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஹோஷிமா ஜப்பான் கம்பெனி, இவர் ஜப்பான்காரர், கையில் ஹோஷிமா. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஒரு மெமரி கார்டு கேட்டார். சும்மா ஒரு சாக்கு. பிறகு போனை எடுத்துக் கோயில் கோபுரப் படம் ஒன்றைக் காட்டி, கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். வேறு யாராவது இருந்தால் கோயிலுக்கு வழி கேட்கிறார் என்று நினைத்திருப்பார்கள். எனக்கா தெரியாது? கோயில் என்றால் கல்யாணம். கோயிலில் நடக்கிற கல்யாணத்தில் எங்கள் கேமரா எப்படி வேலை செய்கிறது என்று கேட்கிறார். கம்பெனி ரகசியத்தை வாய்விட்டா கேட்பார்கள்?

நானும் விடவில்லை. அவர் கேமராவை வாங்கிக் காதில் வைத்துத் தட்டினேன். அரண்டுபோனார். அப்புறம் தமிழிலேயே எடுத்துச் சொன்னேன். "ஐயா, இதுல கட்டைவிரலுக்கு இடமே இல்ல. தாலி கட்டுற நேரத்துல மண்டபத்துல காத்து நின்னுரும், கை வேர்த்து வழுக்கும், முகூர்த்தம் போச்சுன்னா போச்சு. கட்டைவிரலுக்கு ஒரு ரப்பர் வைங்க. பொத்தானைப் பெருசாக்குங்க." அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டுவிட்டு இரண்டு தடவை குனிந்து வணங்கினார். தம்பி, மெமரி கார்டு வாங்கினதற்கு ஒருத்தன் அப்படிக் குனிவானா?

ஐப்பசியில் அறிவிப்பு வந்தது. ஹோஷிமா ஏழு. பின்பக்கம் கட்டைவிரலுக்கு ரப்பர்! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் மருமகள் கோமதிதான் போனில் காட்டினாள். மகன் துபாயில் இருக்கிறான், கடைக் கணக்கெல்லாம் அவள்தான். எம்.காம். படித்தவள், என்னிடம் மரியாதையாகத்தான் பேசுவாள். ஆனால் நான் சொல்வதைக் கேட்கும்போது ஒரு புருவத்தை மட்டும் தூக்குவாள். ரப்பரைக் காட்டியபோதும் தூக்கினாள்.

"எல்லாக் கம்பெனியிலயும் ரப்பர் இருக்கே மாமா" என்றாள்.

"இருக்கும். இது என் ரப்பர்" என்றேன்.

அப்போதுதான் இந்த ரேங்க் என்கிற சமாசாரத்தை எனக்குக் காட்டிக் கொடுத்தாள். நெட்டில் விற்கிற பெரிய கடை ஒன்று. அதில் 'அதிகம் விற்பவை' என்று ஒரு பக்கம், கேமராவுக்கு மட்டும் தனியாக. எந்தக் கேமரா எத்தனையாவது இடம் என்று மணிக்கு ஒரு தடவை மாறும். எண் சின்னதாக ஆக ஆக விற்பனை அதிகம் என்று அர்த்தம். அன்று காலையில் ஹோஷிமா ஏழு முந்நூற்று நாற்பதாவது இடம். கேமரா இன்னும் கடைக்கே வரவில்லை, முன்பதிவுதான். முன்பணமும் கட்ட வேண்டாம். வீட்டு வாசலில் பெட்டி வரும்போது கொடுத்தால் போதும்.

நான் டீக்கடைக்குப் போனேன். ஞானதுரையும் சங்கத்து ஆட்களும் இருந்தார்கள். ஜப்பான்காரர் வந்துபோன கதையை அன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னேன்.

"அண்ணாச்சி, அப்போ இது ஓடுமா?"

"ஓடுமாவா? இந்த முகூர்த்தத்துக்கு இது கையில் இல்லாதவனுக்குக் கல்யாண வீட்டுல பந்தியில எல கெடைக்கும், ஆர்டர் கெடைக்காது" என்றேன்.

சாயங்காலம் கோமதி போனைப் பார்த்தாள். நாற்பத்தொன்றாவது இடம்.

மறுநாள் மறுபடியும் போனேன். ஜப்பான்காரர் என் கட்டைவிரலை அளந்ததைச் சொன்னேன். அளந்தாரா என்று நீங்கள் கேட்கக்கூடாது. கண்ணால் அளந்தார். வெளியூர் ஸ்டூடியோக்காரர்கள் சிலரும் வந்திருந்தார்கள், வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். அப்போதே ஒருத்தன் யாருக்கோ போன் போட்டுச் சொன்னான். கடைக்குத் திரும்பினால் ஒன்பதாவது இடம்!

எனக்குப் புல்லரித்துவிட்டது தம்பி. நான் இங்கே டீக்கடையில் இருந்து ஒரு வார்த்தை சொல்கிறேன். எங்கேயோ டெல்லியில், பம்பாயில், கல்கத்தாவில், முகம் தெரியாத ஜனம் அதே நேரத்தில் அதே முடிவுக்கு வருகிறது. நான் சொல்லிவிட்டுக் கடைக்கு வருவதற்குள் எண் இறங்கியிருக்கும். நான் சொல்லாத நாளில் அது அசையாமல் நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல், டீக்கடைக்குப் போகவில்லை. அன்று ஒன்பதிலிருந்து பதினாலுக்குப் போய்விட்டது. தேசத்துக்கும் எனக்கும் அப்படி ஒரு ஒட்டு.

கோமதி மட்டும்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "மாமா, இதுல எத்தனாவது இடம்னுதான் போட்டுருக்கு. எத்தனை வித்துச்சுன்னு போடல பாத்தீங்களா? பெரிய கேமராவை ஒரு நாளைக்கு எத்தனை பேரு வாங்கிருவாவ? ஒரு ஊர்க்காரங்க சேந்து வாங்கினாலே மேல வந்துரும். வந்த புதுசுல எல்லாம் ஏறத்தான் செய்யும்."

"சரி, அப்போ எதை நம்பணும்னு சொல்லுத?"

அவள் அஞ்சாவது இடத்தைத் தொட்டுக் காட்டினாள். வேறொரு கம்பெனிக் கேமரா, பழசு. "இதைப் பாருங்க. ரெண்டு வருசமா அஞ்சாவது எடத்துலயே கெடக்கு. இதைத்தான் நாம நாலஞ்சு வாங்கிப் போடணும்."

நான் சிரித்துவிட்டேன். "ரெண்டு வருசமா அஞ்சைத் தாண்ட முடியாதது ஒரு கேமராவாம்மா?"

புருவம்.

மூன்று. இரண்டு. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ஒன்று! கேமராப் பக்கத்தில் முதலிடம், என் ரப்பர் வைத்த கேமரா. கருப்பட்டி மிட்டாய் வாங்கித் தெருவெல்லாம் கொடுத்தேன். ஞானதுரை இரண்டு எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் தின்றான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். "நீரு சொன்னா அதுக்கு அப்பீல் உண்டா வே" என்றான். அந்த வார்த்தை காதில் தேனாகப் பாய்ந்தது. அன்றைக்கே டீலருக்குப் போன் போட்டேன். தை முகூர்த்தத்துக்கு ஹோஷிமா ஏழு பன்னிரண்டு பெட்டி. வேறு ஒரு கம்பெனியும் வேண்டாம், இருக்கிற பழைய சரக்கையும் எடுத்துக்கொண்டு போ என்றேன். கோமதி மட்டும் மிட்டாய் எடுக்கவில்லை.

பெட்டிகள் வந்தன. அலமாரியில் அடுக்கிப் பூப்போட்டேன். யாராவது வருவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். எத்தனை பேர் வாய்விட்டுக் கேட்டவர்கள்! ஒருத்தனும் வரவில்லை. சரி, மார்கழி, நல்ல காரியத்துக்கு ஆகாத மாதம், அதுதான் வரவில்லை என்று நினைத்தேன்.

அப்புறம் ஒரு நாள் பார்சல்காரர் பைக்கை எதிர்க் கடை வாசலில் நிறுத்தினார். கையில் ஒரு பெட்டி. அந்தப் பெட்டியின் கலர் எனக்குத் தெரியாதா? என் அலமாரியில் பன்னிரண்டு இருக்கிறதே. உள்ளே போனார். அதே பெட்டியோடு வெளியே வந்தார்.

நான் தெருவைக் கடந்தேன். ஒரு பஸ் ஹாரன் அடித்ததுகூடக் கேட்கவில்லை.

"என்ன வே ஞானதுரை, அது உமக்கு வந்ததா?"

அவன் எழுந்து நின்றான். "வே, உக்காரும். டீ சொல்லுதேன்."

"டீ கெடக்கட்டும். அது உமக்கா வந்துச்சு?"

"சும்மா போட்டு வச்சேன் வே. நீருதான இது இல்லன்னா ஆர்டர் கெடைக்காதுன்னீரு. காசா பணமா, வேண்டாம்னா திருப்பிரலாம்னு சங்கத்துல எல்லாரையும் ஆளுக்கு ஒண்ணு போட்டு வைக்கச் சொன்னேன். இந்த ஊரு, அம்பை, வள்ளியூரு, எல்லாரும்தான்."

"நெட்டுலயா? எதிர எங்கடை இருக்கு வே! முப்பத்தஞ்சு வருசமா இருக்கு! என்கிட்ட வாங்காம நெட்டுல வாங்குவீரோ?"

"வாங்கலையே வே! அதுக்குத்தான திருப்பி அனுப்புதேன்."

கேட்டீர்களா தம்பி? நெட்டில் வாங்கியது ஒரு துரோகம். சரி, வாங்கித் தொலைத்தான், அதையாவது ஒழுங்காக வாங்கினானா? வாங்காதது இன்னொரு துரோகம்.

"ஏன் வே திருப்புதீரு? கேமராவுக்கு என்ன கொறை?"

"எனக்கெப்படித் தெரியும்? பெட்டியையே பிரிக்கல. யாராவது ஒருத்தன் வாங்கி, நல்லாருக்குன்னு சொன்னா வாங்கலாம்னு பாத்தேன். அவனும் என்னையப் பாத்துக்கிட்டு இருந்திருக்கான். ஒருத்தனும் பிரிக்கல."

"மொத எடம் வே! இந்தியாவுலயே மொத எடம்!"

அப்போது அவன் சொன்னதை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டேன். "பஸ்ஸுல துண்டு போடுதோம்லா வே? வெளிய நின்னு பாத்தா வண்டி நெறைஞ்சு கெடக்கும். உள்ள ஆள் இருக்காது. அதைப் பாத்து நீரு பன்னெண்டு பெட்டி எறக்கினா நான் என்ன செய்ய?"

திரும்பி வந்து கோமதியைப் போனைப் பார்க்கச் சொன்னேன். அவள் விரலால் தள்ளிக்கொண்டே போனாள், தள்ளிக்கொண்டே போனாள். எண்ணூற்றுச் சொச்சம். அஞ்சாவது இடத்தில் மட்டும் அந்தப் பழைய பிணம் அப்படியே கிடந்தது.

நீங்கள் நியாயம் சொல்லுங்கள். தேசமே என் பக்கம் என்று நினைத்தேன். தேசம் இல்லை, அம்பையும் வள்ளியூரும்தான் என்றால் என்ன அர்த்தம்? அவர்கள் போய் அந்தப் பக்கத்தில் பொய்யாகக் கூட்டம் காட்டியதால்தானே நான் ஏமாந்தேன்? உண்மையில் யாருக்கும் வேண்டாத சாமானை எல்லாருக்கும் வேண்டும் என்று ஊரை நம்பவைத்தால், அது என்ன புத்தி? எவன் அவர்களுக்கு அந்த எண்ணத்தைக் கொடுத்தான்? அதைத்தான் நான் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்றோடு ஞானதுரையோடு பேச்சு நின்றது. இந்த வருஷம் கேக் வந்தது, திருப்பி அனுப்பிவிட்டேன். அவனுக்குப் பெட்டி திருப்பத் தெரியும் என்றால் எனக்குக் கேக் திருப்பத் தெரியாதா? ஆனால் காலையில் டீயை வேறு கடையில் தனியாகக் குடிக்கிறேன் தம்பி. அந்தக் கடையில் சீனியே போடமாட்டேன் என்கிறார்கள். போட்டாலும் இனிக்கவில்லை.

கடையில் இப்போது என் நாற்காலி பின்னால் போய்விட்டது. முன்னால் கோமதி செல்போன் கவர் விற்கிறாள். அந்தப் பன்னிரண்டு பெட்டியிலும் ஆணி மாதிரிக் கொக்கி மாட்டிக் கவரைத் தொங்கவிட்டிருக்கிறாள். கவர் ஓடுகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன வாரம் அம்பையிலிருந்து ஒருவர் புதுக் கேமரா ஒன்றைப் போனில் காட்டி, "இது ஓடுமா?" என்று கேட்டார். நான் காதைத் தீட்டிக்கொண்டு எழுந்தேன். அவர் கோமதியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "மூணு மாசம் கழிச்சு வாங்கண்ணே, சொல்லுதேன்." மூன்று மாசம் கழித்துச் சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டுமா? ஆனால் அவர் தலையாட்டிக்கொண்டு போனார். என் பக்கம் திரும்பி ஒரு வணக்கம் மட்டும் வைத்தார், சாமி படத்துக்கு வைப்பதுபோல.

ஆலங்குளம் வந்துவிட்டதா? இல்லை, இது சீதபற்பநல்லூர். நல்லது, இன்னும் நேரம் இருக்கிறது.

அந்தப் பார்சல்காரர் ஒரு விஷயம் சொன்னார். "எங்க ஆபீசுக்கு வந்ததுல எல்லாம் திரும்பிட்டு அண்ணாச்சி. தென்காசிப் பக்கம் போன ஒண்ணு மட்டும் திரும்பல." ஒன்று! அன்றையிலிருந்து அந்த ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அத்தனை துண்டுக்கு நடுவில் ஒரே ஒரு ஆள் உண்மையாக உட்கார்ந்திருக்கிறார். ஞானதுரை சொல்லி வாங்கியவர் இல்லை, சங்கத்துக்காரர் இல்லை. தானாக, தன் புத்தியால், ஹோஷிமா ஏழு ஓடும் என்று தெரிந்து வாங்கியவர். அவர் ஒருத்தர் போதும் எனக்கு. அவரைக் கண்டுபிடித்து எதிர்க் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் என் வார்த்தை எனக்குத் திரும்பி வந்துவிடும்.

இன்று நான் சங்கரன்கோவில் பஸ்ஸுக்கு நின்றேன். தங்கை பேரனுக்குக் காதுகுத்து, தாய்மாமன் முறைக்கு நான்தான் மடியில் உட்காரவைக்க வேண்டும். அப்போதுதான் இந்த பஸ்ஸில் ஜன்னலோரம் உங்களைப் பார்த்தேன். பைக்கு வெளியே ஆரஞ்சு ஓரம் வைத்த நீலப் பட்டை. அது ஹோஷிமா ஏழோடு மட்டும்தான் வரும். என் அலமாரியில் பன்னிரண்டு இருக்கிறது. காது கிடக்கட்டும், அடுத்த முகூர்த்தத்தில் குத்திக்கொள்வார்கள் என்று துண்டை வீசினேன்.

இப்போது அந்த ஒரு கேள்வி. தம்பி, இதை நீங்கள் எதை நம்பி வாங்கினீர்கள்?

நன்றாக இருக்கிறதா? படம் தெளிவா? கொஞ்சம் கனமா? சரி சரி, அது கிடக்கட்டும், அதையா கேட்டேன்? யார் சொல்லி வாங்கினீர்கள்?

யாரும் சொல்லவில்லை... கேள்விப்பட்டீர்கள். என்ன கேள்விப்பட்டீர்கள்?

திருநெல்வேலியில் ஒரு பெரியவரா? கேமரா தெரிந்தவரா? ம். சொல்லுங்கள்.

ஜப்பானிலிருந்து அவரைப் பார்க்க ஆள் வந்தார்களா! எத்தனை பேர்? நாலு பேரா? காரிலா? மூன்று நாள் அவர் வீட்டிலேயே தங்கிச் சாப்பிட்டார்களா? கட்டைவிரலுக்கு நூல் பிடித்து அளந்தார்களா?

இருங்கள். இருங்கள் தம்பி. மூச்சு வாங்குகிறது.

என்னிடம் ஒருத்தர்தான் வந்தார். தனியாக, நடந்து. கால் மணி நேரம்தான் நின்றார். ஒரு சோடா வாங்கிக் கொடுத்தேன், அதையும் பாதிதான் குடித்தார். என் விரலைக் கண்ணால்தான் பார்த்தார். நானும் இந்த நாட்டிலேயே என்னிடம் மட்டும்தான் கேட்டார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே! இன்னொரு கிழவனுக்கு நாலு பேரை அனுப்பியிருக்கிறார்கள். காரில். நூலோடு. அப்படியானால் அந்த ரப்பர் என் விரலுக்கு வைத்ததில்லை. அவன் விரலுக்கு வைத்தது. அதுதான் ஓடவில்லை!

யார் அந்த ஆள்? பெயர் தெரியாதா? திருநெல்வேலியில் எந்தப் பக்கம்? நான் பிறந்து வளர்ந்த ஊரில், எனக்குத் தெரியாமல், அப்படி ஒரு ஆளா? இரண்டு தடவை குனிந்து கும்பிட்டாரே தம்பி அந்த ஜப்பான்காரர். குனிந்து கும்பிட்டுவிட்டா இந்தக் காரியம் செய்வார்கள்? ஞானதுரை பாவம். அவன் என்னை ஏமாற்றினான் என்று நினைத்தேன். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தல்லவா ஏமாற்றியிருக்கிறார்கள்!

இதை அவனிடம்தான் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் போய்ச் சொல்வது? கோமதியிடம் சொன்னால் புருவத்தைத் தூக்குவாள். அவன்தான் கேட்பான். முழுசாகக் கேட்பான். இப்போதே திரும்பினால் சாயங்கால டீக்குப் போய்விடலாம்.

கண்டக்டர்! கொஞ்சம் நிப்பாட்டும் ஐயா, இறங்கணும். ஆலங்குளம் டிக்கெட்தான், தெரியும். வைத்துக்கொள்ளும்.

வருகிறேன் தம்பி. கேமராவைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டை மட்டும் எடுத்துக் கொடுங்கள். அங்கேயே கிடந்தால், இங்கே ஆள் இருக்கிறது என்று யாராவது நம்பிவிடுவார்கள்.